சாமி கேட்ட சுருட்டு

கொம்பையாவுக்குத் தொண்டையில் கரண்டு வைக்க ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் சுடலைமாடன் வீட்டுக்கே வந்துவிட்டார். அதுவரை அவர் அப்படி வீடு தேடி வருகிற சாமி இல்லை. சித்திரைக் கொடைக்கு மேளம் முழங்க வேண்டும், வில்லுப்பாட்டுக்காரர் தொண்டை கிழியப் பாட வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் கையெடுத்துக் கெஞ்ச வேண்டும். அதற்குப் பிறகுதான் கொம்பையாவின் தோள் மெல்லக் குலுங்கும். அப்பேர்ப்பட்டவர், ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், மேளமும் இல்லாமல் வில்லும் இல்லாமல், ஆட்டுக்குட்டிகளைக் கூடையால் மூடிக்கொண்டிருந்த கொம்பையாவின் மேல் இறங்கினார்.

சீனித்தாய் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஈரக் கையோடு கும்பிட்டாள். சாமியாடியின் பெண்டாட்டியாக முப்பது வருஷம் இருந்தவளுக்கு, சாமி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"என்ன வேணும் சாமி?"

"எனக்கு உள்ளதக் குடு மகளே."

சுடலைக்கு உள்ளது சுருட்டு. போன கொடையில் மிஞ்சிய கட்டு ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் தகர டப்பாவில் இருந்தது. அதில் ஒன்றை எடுத்து அடுப்பில் பற்றவைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். சுடலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இழுத்தார். இழுத்த வேகத்தைப் பார்த்தால் பல நாள் பட்டினி கிடந்த சாமி போலத்தான் இருந்தது. சீனித்தாய்க்கு அப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை. நோயைப் பார்க்கச் சாமியே படியேறி வந்துவிட்டது என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டாள்.

கொம்பையா பீடியை விட்டது ஊருக்கே தெரியும். ஆடு மேய்க்கிறவனுக்கு வெயிலில் துணை பீடிதான். பதினைந்து வயதில் பிடித்ததை ஐம்பத்தாறு வயதுவரை விடவில்லை. போன கொடையில் சாமி வாக்குச் சொல்லும்போதே குரல் கரகரவென்று உடைந்தது. சாமிக்கு என்னவோ மனத்தாங்கல், அதனால்தான் குரல் மாறிவிட்டது, இந்த வருஷம் மழை பொய்க்கும் என்று ஊர் பயந்தது. மழை பெய்தது. உளுந்தும் சோளமும் விளைந்தன. கொம்பையாவின் குரல் மட்டும் திரும்பி வரவில்லை. கடைசியில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக டியூப் விட்டுப் பார்த்து, குரல்வளையில் புற்று என்றார்கள். ஊருக்கு வந்த அன்றைக்கே பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் நாலு பேர் பார்க்கக் கிணற்றில் வீசினார் கொம்பையா. கிணற்றில் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம். 'ஆம்பளைன்னா இப்படியில்ல இருக்கணும்' என்று பெண்கள் தங்கள் புருஷன்மாருக்குக் காட்டிப் பேசினார்கள். சீனித்தாய்க்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

"சீக்கிரமே வந்துட்டீங்க. அறுக்க வேண்டாம், ரேடியேஷன் கரண்டு வச்சாலே போதும், குரலும் தப்பிச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா. சின்ன வயது, கோவில்பட்டி பூவனநாதர் கோவில் தெருப் பெண் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதிலிருந்து சீனித்தாய்க்கு அவர்மேல் சொந்த ஊர்ப் பாசம். "ஆனா ஒரு இழுப்புப் புகைகூட உள்ள போகக்கூடாது. புகை போச்சுன்னா கரண்டு சரியா வேலை செய்யாது."

திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் கோவில்பட்டி போய், அங்கிருந்து திருநெல்வேலி பஸ் ஏறி, முகத்தில் வலை மாதிரி ஒரு மூடியை மாட்டிக் கொம்பையா மேஜையில் படுப்பார். வாரம் ஒரு தடவை டாக்டரம்மா கேட்பார்.

"பீடி, சிகரெட்டு, புகையிலை ஏதாவது உண்டா?"

"இல்லம்மா" என்பார் கொம்பையா.

"இல்லம்மா, தொடுறதில்ல" என்பாள் சீனித்தாய்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இதை அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். கொடையில் சாமியாடி சாராயம் குடித்தால், அது சாமி குடித்தது. கிடாய் ரத்தம் குடித்தால் அதுவும் சாமி குடித்தது. சாமி மலையேறிய பிறகு ஒரு சொம்பு மஞ்சள்தண்ணீர் கொடுத்தால் ஆள் பழைய ஆள். வாயில் ஒரு வாடை இருக்காது என்று ஊரே சத்தியம் செய்யும். ஆகையால் கொம்பையா புகைக்கவில்லை. சுடலை புகைத்தார். டாக்டரம்மா சுடலையைப் பற்றிக் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவர் செவ்வாய்க்கிழமையும் வந்தார். பிறகு புதன்கிழமை வந்தார்.

ஒருநாள் கயத்தாற்றிலேயே வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற பஸ் அங்கே டீ குடிக்க நிற்கும். பஸ்ஸைவிட்டு இறங்கிய கொம்பையா, டீக்கடை முன்னால் நின்றவர், மேலே தொங்கிய சுருட்டுக் கட்டைப் பார்த்தார். தோள் குலுங்கியது. கண் மேலே சொருகியது. கடைக்காரர் சாமித்துரை பயபக்தியுள்ள மனுஷன். கல்லாவைவிட்டு எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "எந்தத் தெய்வம்யா?" என்று கேட்டார்.

"சுடலடா."

அவ்வளவுதான். கட்டைப் பிரித்து நல்ல சுருட்டாக ஒன்றை எடுத்து, தானே பற்றவைத்துக் கொடுத்தார். துட்டு வாங்க மாட்டேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ்ஸிலிருந்த ஒரு அம்மாள் பேரனுக்குத் திருநீறு கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, சாமி முடிக்கிறவரை காத்திருந்தார். ஊர் உலகமே வாரிக் கொடுக்கத் தயாராக இருக்கும்போது சீனித்தாய் யாரிடம் போய் என்ன சொல்ல? பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் மருந்துப் பையோடு நின்றாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, சாமியைப் பார்த்தும் அவள் கும்பிடவில்லை.

பஸ் கிளம்பியதும் கொம்பையா அவள் தோளில் தலைசாய்த்துத் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சீனித்தாய் சும்மா இருந்திருக்கலாம். குனிந்து முகர்ந்து பார்த்தாள். சுருட்டு வாடை குப்பென்று அடித்தது. முப்பது வருஷத்தில் சாமி போன பிறகு அந்த வாயை அவள் முகர்ந்து பார்த்ததே இல்லை; வாடை இருக்காது என்று ஊர் சொன்னது, அவளும் சொன்னாள்.

அதற்கப்புறம் மனசு சும்மா கிடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சுடலை வந்து சுவரோரம் உட்கார்ந்தார். சீனித்தாய் சுருட்டை எடுத்து வந்தாள். தீக்குச்சி தீர்ந்துபோயிருந்தது, அடுப்பும் அணைந்திருந்தது. அவள் திகைத்து நிற்கையில் சுடலை சொன்னார்:

"ஏட்டி, ரேடியோப் பொட்டிக்குப் பின்னால ஒரு தீப்பெட்டி கெடக்கு பாரு."

சுடலை அவளை ஒருநாளும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. மகளே என்றுதான் கூப்பிடுவார்; ஏட்டி என்று கூப்பிடுகிறது புருஷன்.

சீனித்தாய் தீப்பெட்டியை எடுத்து வந்து பற்றவைத்துக் கொடுத்தாள். இது சாமி இல்லை, அவிய என்று ஒரு மனசு சொன்னது. அவியதான் என்றால் இந்தக் கையாலேயே அவியளுக்குக் கொள்ளி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னது. ஒருவேளை சாமியாகவே இருந்து, இல்லை என்று மறுத்துவிட்டால்? நோயாளி மேல் வந்திருக்கிற சாமியைப் பட்டினி போட்டு அனுப்பினால் அது யாரைத் தின்னும்? கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளமாகத்தான் இருந்தாள்.

அவளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் அவள் வயிறு திறக்கவில்லை. ஆம்பளப் பிள்ளை வேண்டும் என்று கொம்பையா கிடாய் நேர்ந்துவிட்டிருந்த காலம் அது. ஒரு கொடையில், கூட்டத்துக்குப் பின்னால் முக்காட்டோடு நின்றவளைச் சுடலை தேடி வந்தார். நெற்றியில் சாம்பலை அப்பி, "மகளே, ஒனக்கு ஒரு பொட்டப்புள்ள தாரேன். அடுத்த கொடைக்கு மடியில வச்சுக்கிட்டு வா" என்றார். அப்படியேதான் நடந்தது. சுடலைச்செல்வி என்று பேர் வைத்தார்கள்; இன்றைக்கு விளாத்திகுளத்தில் அவளே இரண்டு பிள்ளைக்குத் தாய். இப்போது சுருட்டுக் கேட்கிறது அவியதான் என்றால், அன்றைக்குச் சாம்பல் பூசியது யார்? இந்த நூலைப் பிடித்து இழுத்தால் எதுவரைக்கும் பிரியுமோ என்று பயந்து, அவள் அதைத் தொடாமல் வைத்திருந்தாள்.

நான்காவது வாரம் டாக்டரம்மா மறுபடி டியூப் விட்டுப் பார்த்தார். அவர் முகம் சரியில்லை.

"இந்நேரம் நல்லா சுருங்கியிருக்கணும். அண்ணாச்சி, உங்க வாயில புகை வாசம் வருது."

"பக்கத்துல எவனாவது குடிச்சிருப்பான்மா" என்றார் கொம்பையா. கண்ணைக் கொட்டாமல்தான் சொன்னார்.

அவரைக் கரண்டு வைக்க அனுப்பிவிட்டு டாக்டரம்மா சீனித்தாயை நிறுத்திக்கொண்டார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. இது இப்படியே நின்னா குரல்வளைய மொத்தமா எடுக்க வேண்டியிருக்கும். கழுத்துல ஓட்டை போட்டு அது வழியாத்தான் மூச்சு. அப்புறம் அவருக்குக் குரல்னு ஒண்ணு இருக்காது."

சீனித்தாய் முந்தானையை விரலில் சுற்றினாள். சாமி குடிக்குதும்மா என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பெண் சிரிக்கமாட்டார், அது தெரியும். ஆனால், 'சாமியா, அவரா?' என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள். அன்றைக்கு அவள் சொன்னது பொய்தான். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தப் பொய் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்தியது.

கொடை அந்த வருஷம் மே முதல் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தது. ஆஸ்பத்திரி மிஷினுக்கும் அன்றைக்கு லீவு. கொம்பையாவின் தம்பி இசக்கிதுரை, அண்ணன் ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாளெல்லாம் ஆடுகளையும் பார்த்துக்கொண்டு கொடை வேலையையும் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் சாமான்களை இறக்கிவிட்டு, பெரிய சுருட்டுக் கட்டு ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"மயினி, இது தெறமான சுருட்டு. தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தேன். அண்ணனுக்கு இந்த வருசம் சாமி நல்லா எறங்கணும். எறங்கிட்டா சீக்கு பறந்துரும்."

"ஆமா கொழுந்தனாரே" என்றாள். கட்டைக் கையில் வாங்கினாள். அது கனக்கவே இல்லை, ஆனாலும் கீழே வைத்துவிட வேண்டும் போல் இருந்தது.

மறுநாள் மத்தியானக் கொடை. காய்ந்த பருத்திமார் பிடுங்கிப்போட்ட வெறுங்காட்டில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதற்கு நடுவில் சுடலையின் பீடத்துக்கு முன்னால் பந்தல். மேளக்காரர்களுக்கு வியர்வை ஊற்றியது. அந்தக் கோவில் வழக்கப்படி சாமிக்குச் சுருட்டுத் தட்டை ஏந்தி நிற்கிறது சாமியாடி வீட்டுப் பெண். சீனித்தாய் ஈரச்சேலையோடு தட்டை ஏந்தி நின்றாள். தட்டில் வெற்றிலை, எலுமிச்சம்பழம், விபூதி, மேலே சுருட்டு. பக்கத்தில் ஒருத்தி தீச்சட்டி வைத்திருந்தாள்.

மேளம் அடி மாறியது. கொம்பையாவின் தோள் குலுங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். கறுப்புக் கச்சை கட்டி, கையில் வேல்கம்போடு ஒரு சுற்று ஆடி வந்தார். ஆட்டம் பழைய ஆட்டம் இல்லை. ஆள் இளைத்திருந்தார், கரண்டு வைத்த கழுத்து கருகிப்போய்த் தோல் உரிந்திருந்தது. வேகமாகச் சீனித்தாய் முன்னால் வந்து நின்றார். நெஞ்சு ஏறி இறங்கியது.

"குடு."

அதுதான் வந்தது. அதுவும் குரலாக வரவில்லை, கிழிந்த துணியை உதறுகிற சத்தமாக வந்தது.

சீனித்தாய் அவர் கழுத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் சாமி இருந்ததா, அவர் இருந்தாரா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: யார் இழுத்தாலும் புகை போகிற வழி அந்தக் கழுத்துதான்.

தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சாமி, ஒமக்கு இல்லன்னு நான் சொல்லல. ஒமக்கு உள்ளது ஒமக்குத்தான். ஆனா இந்தத் தொண்டையில தரமாட்டேன். இது புண்ணாப் போச்சு. நீரு வேற தொண்டை பாத்துக்கிடும்."

மேளம் நின்றுவிட்டது. ஒரு குழந்தை அழுதது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள்.

"மயினி, என்ன பேசுதிய? சாமி குத்தம் ஆயிரும்" என்று இசக்கிதுரை ஓடிவந்தான்.

"ஆவட்டும். ஆனா என் தலையில ஆவட்டும்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரமா என்று ஒரு குரல் கேட்டது. கொம்பையாவின் கையில் வேல்கம்பு இருந்தது. அவர் அதை ஓங்கினாலும் சாமி ஓங்கியதாகத்தான் இருக்கும், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது அவர் வேல்கம்பை மண்ணில் ஊன்றிவிட்டுப் பந்தல்காலடியில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு அசைவு இல்லை.

ஊருக்கு மூச்சு நின்றுபோனது. நல்லவேளையாக மேளக்காரர் விவரமான ஆள்; எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அடி உச்சத்துக்குப் போன நேரம் இசக்கிதுரைக்குக் கால் பின்னியது, கை உதறியது, "ஏலே" என்று ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், பந்தலே அதிர்ந்தது. சுடலை வேறு தொண்டை பார்த்துக்கொண்டார். ஜனங்கள் அழுதுகொண்டே காலில் விழுந்தார்கள். பீடிகூடத் தொட்டறியாத இசக்கிதுரையின் வாயில் சுருட்டை வைத்துச் சுடலை ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். கணீரென்று வாக்குச் சொன்னார். மழை உண்டு என்றார். அண்ணனுக்குச் சுகம் உண்டு என்றும் சொன்னார்.

சீனித்தாய் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷம் தன்மேல் வந்த சாமி தன் கண் முன்னாலேயே தம்பிமேல் ஆடுவதை அவர் பார்க்கிறார், நெஞ்சு வெடித்துவிடுமே என்று பயந்தாள். ஆனால் கொம்பையா சாமியைப் பார்க்கவில்லை. புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் அவர் கண் போனது.

அதைப் பார்த்ததும், வீட்டிலும் கயத்தாற்றிலும் சுருட்டுக் கேட்டது யார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியது சந்தோஷமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கொம்பையா ஆடுகளோடு போய்ப் பொழுதடைந்து வந்தார். எதிரே வந்தவர்கள், முன்னெல்லாம் துண்டை இறக்கிக் கும்பிட்டவர்கள், 'ஒடம்பு எப்படி இருக்குது?' என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு அது அவரைவிட அதிகமாக வலித்தது. உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று ஆளை அம்மணமாக்கிவிட்டோமோ என்று இருந்தது. கஞ்சியை வைத்தால் குடித்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் ஏற வருவாரோ மாட்டாரோ என்று பயந்தாள். முன்னால் நடந்து போய்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கோவில்பட்டியில் பஸ் மாறினார்கள். கயத்தாற்றில் பஸ் நின்றது. கொம்பையா எழுந்தார். அவள் மடியில் இருந்த மருந்துப் பை நழுவி விழுந்தது. அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

டீக்கடை முன்னால் அவர் நின்றார். சாமித்துரை பார்த்துவிட்டார். பழையபடி எழுந்து செருப்பைக் கழற்றி, நல்ல சுருட்டாகத் தேர்ந்தெடுத்து, தீப்பெட்டியை உரசி, "சாமி..." என்று நீட்டினார்.

கொம்பையாவின் தோள் குலுங்கவில்லை.

"சாமி வரல தம்பி" என்றார். "நாந்தான்."

சாமித்துரைக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டிய கையை இழுக்கவும் முடியாமல் நின்றார். குச்சி விரலைச் சுட்டதும் உதறினார். பிறகு, அவரும் வியாபாரிதானே, "அப்படின்னா துட்டு தரணும் அண்ணாச்சி" என்றார் மெதுவாக.

சாமிக்குச் சும்மா கிடைத்தது, மனுஷனுக்கு விலை. கொம்பையா சீனித்தாய் பக்கம் திரும்பினார். சுருக்குப்பை அவள் இடுப்பில்தான் இருந்தது. மூன்று நாள் பார்க்காத முகத்தை இப்போது நேராகப் பார்த்தார்.

"ஏட்டி, துட்டு எடு. சாமி கேக்கல. நான் கேக்குதேன். என்னால முடியலட்டி. இத்தன நாளும் நாந்தான்."

கண்ணீர் தாடையில் வழிந்தது. துடைக்கவில்லை.

சாமிக்குச் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. வேறு தொண்டை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாள். இவருக்கு என்ன சொல்வது? இவருக்கு வேறு தொண்டை ஏது? அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டையும் செய்ய முடியாது. சாமித்துரை கையில் இருந்த சுருட்டைப் பார்க்காமல், புருஷன் கையைப் பிடித்தாள்.

"வாங்க. இத என்கிட்ட சொல்லி என்ன செய்ய? டாக்டரம்மாட்ட சொல்லுங்க."

"நீ சொல்லு."

"நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும். தொண்ட இருக்கும்போதே சொல்லிருங்க."

டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டார். "பீடி, சிகரெட்டு, புகையிலை?"

கொம்பையா தொண்டையைச் செருமினார். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"உண்டும்மா. சுருட்டு. ரெண்டாவது வாரத்துல இருந்தே உண்டு. மொதல்ல செவ்வா, வெள்ளி. அப்புறம் நெதமும்."

"யாரு வாங்கித் தந்தாங்க?"

"நானே."

"இல்லம்மா" என்றாள் சீனித்தாய். "நாந்தான் பத்தவச்சுக் குடுத்தேன்."

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விடுறதுக்கு மாத்திரை இருக்கு. பேசி உதவி செய்யறதுக்கு இங்கேயே ஆளும் இருக்காங்க. முதல்லயே சொல்லியிருந்தா முதல்லயே தந்திருப்பேனே" என்றார். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம். கரண்டை முழுசாக வைத்து முடித்து, புண் ஆறினபிறகு மறுபடி டியூப் விட்டுப் பார்க்கலாம், குரல்வளை தப்புமா தப்பாதா என்று அதற்கு முன்னால் தன்னால் சொல்ல முடியாது என்றார். சீனித்தாய் கும்பிட்டாள். என்னத்துக்குக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள். தாழையூத்து தாண்டியது. இத்தனை நாளும் நாந்தான் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. இத்தனை நாளும் என்றால் எத்தனை நாள்? வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"அன்னைக்குக் கொடையில... எனக்குச் சாம்பல் பூசி வாக்குச் சொன்னது..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கொம்பையா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேயப்போன ஆடுகள் உடைமர நிழலில் ஒண்டி நின்றன. கேட்டதே காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தபோது திரும்பினார்.

"அது நான் இல்லட்டி" என்றார். ஒவ்வொரு சொல்லும் முள்ளில் மாட்டிக் கிழிந்து வந்தது. "நான்னா ஆம்பளப் புள்ளன்னுல்ல சொல்லியிருப்பேன்."

சீனித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறார். "பேசாதிய, தொண்ட நோவும்" என்று மட்டும் சொன்னாள்.

கயத்தாறு வருவதற்கு முன்னாலேயே அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் நின்றது. டீ குடிக்கிறவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். எதிரே சாமித்துரை கடையில் சுருட்டுக் கட்டு காற்றில் ஆடியது. அவர் கை அவள் கைக்குள் துடித்தது, இழுத்தது, வேர்த்தது. பஸ் கிளம்புகிறவரை அவள் விடவில்லை.